சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தாழ்ப்பாள்

கீழத்தெருவிலும் மேலத்தெருவிலும் குளத்தங்கரையிலும் கொல்லையில் வாத்து வளர்க்கும் என் ஊர்க்காரர்களுக்கு,



போன வெள்ளிக்கிழமை விடிகாலையில் குளத்தங்கரைக் கடைசி வீட்டில் 11 வாத்து செத்துக் கிடந்தன. சேதி கேட்டு நானும் ஓடிவந்தேன். மிதிபட்டு நசுங்கிய முட்டைகள், உமியோடு கலந்து உறைந்த ரத்தம், மூங்கில் படலில் சிக்கி ஆடிக்கொண்டிருந்த வெள்ளைச் சிறகு. ஒரே ஒரு வாத்துக்குத்தான் தலையும் கழுத்தும் இல்லை. மற்ற 10 வாத்தும் கழுத்தில் கடிபட்டு அப்படியே கிடந்தன. வீட்டுக்கார அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். முட்டைக் காசில்தான் அவர் மகளை நர்சிங் படிக்க வைக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்றைக்குச் சாயங்காலம் டீக்கடையில் இரண்டு யோசனை பேசப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். கோழிக் குடலில் குருணை மருந்தைக் கலந்து வேலியோரம் வைத்துவிடுவது ஒன்று. கொல்லையைச் சுற்றிக் கம்பி இழுத்து ராத்திரியில் கரண்ட் கொடுத்துவிடுவது இன்னொன்று. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த இரண்டையும் செய்துவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கத்தான் இந்த மடல். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். வாத்தைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று இத்தனை வருஷத்தில் பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டதை எல்லாம் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்களில் பாதிப் பேர் என்னிடம் அறிவியல் பாடம் படித்தவர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

நானும் பறிகொடுத்தவள்தான். 2011 மார்கழி. தம்பி மகள் நிச்சயதார்த்தத்துக்கு மன்னார்குடி போய்விட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் திரும்பினேன். வாத்துகள் தாமாகவே கூட்டுக்குள் போய் அடைந்திருந்தன. அலுப்பில் படலைச் சாத்தி ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். கயிற்றைக் கட்டவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் கிணற்றடி முழுக்கப் பனியில் நனைந்த இறகு. செங்கல் ஒரு சாண் தூரம்தான் நகர்ந்திருந்தது. படலுக்கும் நிலைக்கும் நடுவே நாலு விரல் சந்து. அவ்வளவு போதுமாக இருந்திருக்கிறது. 9 வாத்தில் 2 மிஞ்சின. அந்த இரண்டும் அதற்கப்புறம் மூன்று வாரம் முட்டை வைக்கவில்லை. படலுக்கு அருகில் யார் போனாலும் மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

அந்தச் செங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வந்தது எந்த மிருகமாக இருந்தாலும் அதற்கு வழி விட்டது நான்தானே என்ற எண்ணம் அன்றைக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

முதலில், எது வருகிறது என்று தெரிந்துகொள்வோம். தெரியாமல் விஷம் வைப்பது இருட்டில் கல் எறிவதுதான். நம் பக்கத்தில் வாத்துக்கு ஆசைப்படுவது ஒரு மிருகம் இல்லை. தெருநாய், நரி, காட்டுப்பூனை, மரநாய், பெருச்சாளி, பாம்பு, பகலில் கீரி. ஒவ்வொன்றும் தன் கைவரிசையை விட்டுவிட்டுத்தான் போகும். நாய் வந்தால் கதவோ வலையோ பிய்ந்திருக்கும், உடம்பு கண்ட இடத்தில் குதறப்பட்டிருக்கும், பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போகும். நரியும் காட்டுப்பூனையும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வரப்பில் கொஞ்சம் சிறகு கிடக்கும், அவ்வளவுதான். மரநாய் கூரை வழியாக இறங்கும், தலையையும் கழுத்தையும் முதலில் தின்னும். குஞ்சுகள் மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்து, சுவரோரம் புது மண் தள்ளியிருந்தால் பெருச்சாளி. முட்டையோ குஞ்சோ தடயமே இல்லாமல் மறைந்தால் பாம்பு. அதனால்தான் சொல்கிறேன், விடியும் முன் டார்ச் இல்லாமல் கூட்டுக்குள் கைவிட்டு முட்டை துழாவாதீர்கள். முக்கியமாக மேலத்தெருப் பாட்டிமார்களே, உங்களைத்தான்.

இன்னும் சந்தேகமாக இருந்தால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுப்புச் சாம்பலைச் சலித்து ராத்திரி கூட்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தூவி வையுங்கள். காலையில் தடம் சொல்லிவிடும். நாலு விரலும் நகக் கீறலும் தெரிந்தால் நாய் அல்லது நரி. நாலு விரல், நகம் தெரியவில்லை என்றால் பூனைச் சாதி. அஞ்சு விரல் பதிந்திருந்தால் மரநாய் அல்லது கீரி. ராத்திரித் தடம் என்றால் மரநாய் என்றே வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை நடந்தது மரநாயின் வேலை என்றுதான் நினைக்கிறேன். கூரைக் கீற்றில் ஒரு பக்கம் விலகியிருந்ததைப் பார்த்தேன்.

"தின்னாத வாத்தை ஏன் கொல்ல வேண்டும், அது ராட்சசப் பிறவி" என்று ஒரு தம்பி ஆத்திரத்தோடு சொன்னார். அதற்கும் ஒரு காரணம் உண்டு. ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியல் அறிஞர் 1972இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் கடற்பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில், கும்மிருட்டான ராத்திரிகளில் நரிகள் தேவைக்கு மேல் ஏராளமாகக் கொன்று போட்டுவிட்டுப் போவதை அவர் கவனித்திருந்தார். அந்த இருட்டில் பறவைகள் பறந்து தப்பவில்லை. காட்டில் ஒரு இரையைப் பிடிப்பதற்குள் மற்றவை ஓடிவிடும், வேட்டை அதோடு நின்றுவிடும். ஓட வழியில்லாமல் கண்ணெதிரே இரை படபடத்துக்கொண்டே இருந்தால் கடிக்கும் வேகம் அடங்காது. நம் கூடும் அப்படிப்பட்ட இடம்தான். உள்ளே புகவும் முடியும், உள்ளே இருப்பது வெளியே ஓடவும் முடியாது என்ற நிலையில் கூடு இருந்தால், கூடே இல்லாததை விட அது மோசம். பாதி பத்திரமாக ஒரு கூடு இருக்க முடியாது என்பதை அந்த 11 வாத்தையும் பார்த்தபோது மறுபடி உணர்ந்தேன்.

வாத்தைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கோழி பொழுது சாய்ந்தால் முருங்கையிலோ பரணிலோ ஏறிக்கொள்ளும். மணிலா வாத்து மட்டும் நகத்தைக் கொண்டு கொஞ்சம் உயரம் ஏறும். நம் நாட்டு வாத்தும் காக்கி கேம்பலும் தரையில்தான் படுக்கும். கால் கட்டை, உடம்பு கனம், ஓட்டமும் இல்லை, பறப்பும் இல்லை. ஆனால் காவல் காக்கும். 1999இல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டு, மூளையின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். வரிசையின் ஓரத்தில் இருக்கும் வாத்து பாதி மூளையை மட்டும் தூங்கவிட்டு, வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தே வைத்திருந்தது. நடுவில் இருந்தவை அதிகமும் இரண்டு கண்ணையும் மூடித் தூங்கின. இதைப் படித்த ராத்திரி நான் மெல்லப் போய் டார்ச்சைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சுவரோரம் படுத்திருந்த கீரி நிற வாத்து கதவுப் பக்கத்துக் கண்ணால் என்னைப் பார்த்தது. அசையவில்லை. அந்தக் கண்ணை நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. கூட்டத்துக்காகத் தூக்கத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும் பறவை, ஆபத்து வருவதைப் பார்த்துவிட்டு என்னதான் செய்ய முடியும்? கத்தலாம். அதற்கு மேல் அதற்கு வழி இல்லை.

"குளத்திலேயே கிடக்கட்டும், தண்ணீரில் யார் பிடிப்பார்கள்" என்று சில வீடுகளில் ராத்திரி அடைப்பதே இல்லை. வாத்து ராத்திரி முழுக்க மிதந்துகொண்டே இருக்காது. கரையேறிச் சம்பங்கோரை ஓரத்தில்தான் படுக்கும். காட்டுப்பூனைக்கும் பிடித்தமான இடம் அதே கோரைதான்.

இனி கூட்டுக்கு வருகிறேன். நம்மில் அதிகம் பேர் கோழி வலை என்று கடையில் கேட்டு வாங்கும் அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் லாயக்கு. உள்ளே வருவதைத் தடுக்காது. நாய் பல்லால் இழுத்தால் துணி மாதிரிக் கிழியும். பாம்பு அதன் கண்ணிலேயே நுழையும். வெல்டு மெஷ் என்று கேளுங்கள், அரை அங்குலக் கண். விலை கூடத்தான். கூடு முழுக்க அதையே அடிக்க வேண்டியதில்லை. சுவருக்குச் செங்கல்லோ கெட்டிப் பலகையோ போதும். காற்று வரும் இடங்களுக்கும், கூரைக்குக் கீழேயும் மட்டும் மெஷ். கூரைக்குக் கீழே என்பதை மறக்காதீர்கள். கீற்றை விலக்குவது மரநாய்க்கு ஒரு வேலையே இல்லை. பனையும் தென்னையும் ஏறி வாழ்கிற பிராணி அது. கஜா புயலில் 2018 நவம்பரில் எங்கள் கொல்லைத் தென்னைகள் எல்லாம் சாய்ந்த பிறகு ஒரு மரநாய் எங்கள் ஓட்டு வீட்டுப் பரணிலேயே வந்து குட்டி போட்டது. ராத்திரியில் ஓட்டின் மேல் அது நடக்கும் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. அதற்குக் கீழே இருபது அடி தள்ளி என் வாத்துகள் இன்றுவரை பத்திரமாகத் தூங்குகின்றன.

தரை மண்ணாக இருந்தால் பெருச்சாளி கீழே இருந்து வரும். செங்கல் பாவி மேலே உமியோ வைக்கோலோ போடுங்கள். செங்கல்லுக்கு வசதி இல்லை என்றால் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் மெஷ்ஷை ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையோடு படுக்கப் போட்டு மேலே மண் தள்ளிவிடுங்கள். தோண்ட வருவது சுவரோரத்தில்தான் தோண்டும், கம்பியில் பல் பட்டதும் விட்டுவிடும். ஒரு வாத்துக்கு 3 சதுர அடி இடம் வேண்டும். வாத்து மூச்சிலும் எச்சத்திலும் ஈரம் அதிகம், மேலே காற்று போக வழி இருக்க வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலையும் தீவனத்தையும் உள்ளே விடாதீர்கள், பூசண நஞ்சை வாத்து கொஞ்சமும் தாங்காது. மிச்சத் தீனியை ராத்திரி கூட்டில் விட்டு வைக்கவே கூடாது. தீனிக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் கதவு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே கட்டை விரல் நுழையக் கூடாது. ஆணியில் சுழலும் கட்டைத் தாழ் போதாது, மூக்கால் நெம்பினாலே திரும்பிவிடும். மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு இரும்புத் தாழ்ப்பாள் போட்டு, மேல் தாழில் ஒரு கொக்கியை மாட்டுங்கள். கீழ்த் தாழ் எதற்கு என்றால், மேலே மட்டும் பூட்டிய கதவின் கீழ் மூலையை நாய் காலால் பிறாண்டி வளைத்துவிடும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

கதவைச் சாத்தும் நேரத்தை மிருகங்கள் நம்மை விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆனி, ஆடியில் ஆறரை தாண்டுகிறது. சீரியல் முடிந்து போய்ச் சாத்தலாம் என்று இருக்காதீர்கள். மசமசப்பு வந்ததும் எண்ணிப் பார்த்துச் சாத்த வேண்டும். எண்ணுவது அவசியம். ஒன்று குறைந்தால் அது வைக்கோல் போர் அடியில் எங்கோ முட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். வாத்துகளை வரவழைக்கத் தகர டப்பாவில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டுக் குலுக்குங்கள். தினம் அதே நேரம், அதே சத்தம், நெல்லைக் கூட்டுக்குள்தான் போட வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் சத்தம் கேட்டதும் வரிசை கட்டி வந்துவிடும்.

காலையில் அவசரப்படாதீர்கள். வாத்து பின்னிரவிலும் விடிகாலையிலும்தான் முட்டை வைக்கும். எட்டு மணி வரை அடைத்து வைத்தால் முட்டை எல்லாம் கூட்டிலேயே கிடைக்கும், வயலில் தேட வேண்டாம். விடிகாலை மங்கலில் திரும்பிப் போகும் நரியின் கண்ணில் வாத்தும் படாது. அஞ்சு மணிக்கே திறந்துவிடும் வீடுகளில் காணாமல் போகும் வாத்துகளைக் கணக்கெடுத்தால், ராத்திரி போனதை விட அதிகமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

இதில் நான் குருவாக நினைப்பது ஒரு வாத்துக்காரரை. சம்பா அறுவடை முடிந்ததும் நம் வயல்களுக்கு வாத்து ஓட்டிக்கொண்டு வருகிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஆரணிப் பக்கத்துக்காரர். நான் வாத்துகளைப் பறிகொடுத்த மார்கழிக்கு அடுத்து வந்த மாசியில் நம் ஏரிக்கரை வயலில் பட்டி போட்டிருந்தார். ஆயிரத்துக்கு மேல் வாத்து. சுவர் இல்லை, கூரை இல்லை, இடுப்பு உயர நைலான் வலை, நாலு சவுக்குக் கம்பு, நடுவில் ஒரு அரிக்கேன் விளக்கு. "இத்தனை வாத்தை எப்படி ஐயா ராத்திரியில் காப்பாத்துறீங்க?" என்று கேட்டேன். அவர் தன் பாயைக் காட்டினார். வலைக்கு வெளியே, நரி வரக்கூடிய கருவைக்காட்டுப் பக்கமாகப் பார்த்து விரித்திருந்தது. மறுபக்கம் மகன் பாய். மூன்றாவது பக்கம் ரெண்டு நாய்.

"வலை வாத்துக்கும்மா. நரிக்கு நாங்கதான்" என்றார்.

விளக்கு எதற்கு என்றும் கேட்டேன். கும்மிருட்டில் ஒரு வாத்து திடுக்கிட்டால் மொத்தமும் ஒரே மூலையில் போய் ஏறிக்கொள்ளும், அடியில் கிடப்பது மூச்சு முட்டிச் செத்துப்போகும், மங்கலாக ஒரு வெளிச்சம் இருந்தால் அந்தக் கலவரம் குறையும் என்றார். அவர் சொன்ன பிறகு என் கூட்டிலும் ஒரு சின்ன பல்பு எரிகிறது. ஊர் ஊராக நடந்து, வருஷத்தில் பல மாதம் வானத்தின் கீழே படுக்கும் அவரிடம் விஷ டப்பா இல்லை, கண்ணி இல்லை. கேட்டேன். "விஷம் வெச்சா மொதல்ல சாவறது எங்க நாய்தான்" என்றார்.

குருணைக்கு வருகிறேன். கோழிக் குடலுக்கு மரநாய் மட்டுமா வரும்? முதலில் வருவது காக்கை. பிறகு நம் தெரு நாய்கள், வீட்டுப் பூனை, கீரி. அதைத் தின்று செத்த எலியைக் கூகை தூக்கிக்கொண்டு போகும். ஒரு கூகை நம் வயலில் எத்தனை எலியைப் பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தானே வயலில் டி வடிவக் கம்பு நட்டு வைக்கிறோம். மழை பெய்தால் அந்த மருந்து வாத்து மேயும் வாய்க்காலில் இறங்கும். குழந்தைகள் விளையாடும் வேலியோரம் அது. நினைத்துப் பாருங்கள்.

கரண்ட் கம்பியைப் பற்றி எழுதவே கை நடுங்குகிறது. பன்றிக்கு வைத்த கம்பியில் ஆள் மாட்டிச் செத்த செய்தி நம் மாநிலத்தில் வராத வருஷம் இல்லை. ராத்திரி கொல்லைப் பக்கம் ஒதுங்கும் நம் வீட்டுப் பெண்களும் முதியவர்களும் அந்தக் கம்பியைக் கண்ணால் பார்க்க முடியுமா?

சட்டமும் இருக்கிறது. மரநாய், நரி, காட்டுப்பூனை, கீரி எல்லாமே 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கொன்றால் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும். வாத்து போன வீட்டில் ஆளும் ஜெயிலுக்குப் போனால் யார் தாங்குவது? சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. மரநாய் வருஷம் முழுக்க நாவலும் அத்தியும் ஈச்சம்பழமும் தின்று விதையைப் பரப்புகிறது, எலியைத் தின்கிறது. அதன் வயிறு நம் வாத்தை நம்பி இல்லை. திறந்து கிடந்தால் வரும், அடைத்திருந்தால் போய்விடும். அதைக் கொன்றால் அந்த இடம் காலியாகும். காலியான இடத்துக்கு இன்னொன்று வரும். அதற்கும் நம் கூட்டின் நாலு விரல் சந்து தெரிய எத்தனை ராத்திரி ஆகும்?

இப்போது செய்ய வேண்டியதைப் பேசுவோம். குளத்தங்கரை வீட்டுக் கூட்டை இந்த வாரமே நாம் சேர்ந்து கட்டிக் கொடுத்துவிடலாம். என்னிடம் இரண்டு கதவும் அறுபது செங்கல்லும் இருக்கின்றன. கொத்து வேலை தெரிந்த தம்பிகள் இரண்டு பேர் ஒரு நாள் வந்தால் போதும். வெல்டு மெஷ் ஒரு ரோலாக வாங்கினால்தான் விலை கட்டும். ஆறு வீடு சேர்ந்தால் ஒரு ரோலைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வேண்டுகிறவர்கள் உங்கள் கூட்டின் ஜன்னல் அளவையும் கூரை அளவையும் எழுதிக் கொடுங்கள். கல்யாணம் காட்சி, ஆஸ்பத்திரி என்று வெளியூர் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். எனக்குச் சொன்னாலும் சரி, ஆறு மணிக்குப் போய் எண்ணி அடைத்துவிட்டு வருகிறேன். அந்த மார்கழியில் நான் ஒரு வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தால் 7 வாத்து பிழைத்திருக்கும்.

எனக்கு மிஞ்சிய அந்த இரண்டு வாத்தின் வம்சத்தில் இப்போது 14 இருக்கின்றன. அவற்றின் முட்டையில் 12 எடுத்து நேற்று அடைக்கோழியின் கீழ் வைத்திருக்கிறேன். பொரிக்க 28 நாள். குஞ்சுகள் கொஞ்சம் தேறியதும் குளத்தங்கரை வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். அதற்குள் அங்கே தாழ்ப்பாள் போட்ட கதவு இருக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மண்வெட்டியோடு வந்துவிடுங்கள். டீயும் இட்லியும் என் வீட்டில்.

அன்புடன்,
கீழத்தெரு டீச்சர்